வாசல் காவல்

மேலப்பாளையம்
6 நவம்பர், வியாழன்

அன்பு மகன் சிராஜுதீனுக்கு வாப்பா பீர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதித்தான் கை பழகியிருக்கிறது. இப்போதெல்லாம் உன் உம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் அந்த வரியை எழுத முடியவில்லை.

போனில் சொல்வதை ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். நீ ஒரு நாளைக்கு நாலு தடவை வீடியோவில் வருகிறாய். போன் உம்மாவின் தலைமாட்டிலேயே இருக்கிறது. அவள் காதுபட நான் என்னத்தைப் பேச? அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து என் போனிலிருந்து அனுப்புகிறேன். எழுத்து சரிந்திருந்தால் நீ தலையைச் சாய்த்துப் படித்துக்கொள். பதிலுக்குக் குரல் பதிந்து அனுப்பாதே. என் போனில் அதைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும்.

மூன்றாவது மருந்து ஏற்றி இன்று பதினோராம் நாள். நேற்று ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு ஆயிரத்து இருநூறு. நாலாயிரத்துக்குக் கீழே போகக் கூடாதாம். அதிலும் கிருமியோடு மல்லுக்கு நிற்கிற ஒரு வகை உண்டு, அது அறுநூறுதான் இருக்கிறது. ஹீமோகுளோபின் எட்டரை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்குகிறாள். டாக்டரம்மா வேணி நம் பக்கத்துக்காரர், புரிகிற மாதிரி சொன்னார். "இந்த மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது அண்ணாச்சி. வேகமா வளருத அணு எதுவா இருந்தாலும் அடிக்கும். கட்டியும் வேகமா வளரும், எலும்புக்குள்ள ரத்தம் ஊறுத இடமும் வேகமா வளரும். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அடி. இன்னும் ஒரு வாரத்துக்கு அவங்க உடம்பு, வாசக்கதவு இல்லாத வீடு மாதிரி. யாரும் உள்ள வரக்கூடாது. காய்ச்சல் நூறு டிகிரியைத் தாண்டுச்சுன்னா வீட்ல மாத்திரை குடுத்துப் பாக்கக் கூடாது, ஓடி வந்துரணும்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. நீ என்னடா என்றால் நேற்று வீடியோவில், உம்மாவை வள்ளியூரில் உன் மாமியார் வீட்டு மாடிக்கு அனுப்பிவிடலாம், அங்கே ஊர் ஜனம் வராது, வாப்பாவுக்குக் கண்டிப்பு போதாது என்கிறாய். எனக்கா கண்டிப்பு போதாது? நாற்பது வருடம் கைலிக் கடை நடத்தியவன் நான். கடன் கேட்டு வந்தவனைக் கடன் கேட்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பெண்டாட்டியை என் வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியும். வள்ளியூர்ப் பேச்சை இன்னொரு தடவை எடுக்காதே.

நம் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் நோய் விசாரிக்க வராமல் இருந்தால் அது குற்றம். வந்தவரை வாசலோடு அனுப்பினால் அதைவிடக் குற்றம். ருக்சானா ஒரு அட்டையில் 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். உன் பெண்டாட்டி கெட்டிக்காரிதான், ஆனால் வள்ளியூர்க்காரி. இது என்ன கலெக்டர் ஆபீஸா என்று நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஏற்பாடு செய்தேன். முன் நடையில் மூன்று நாற்காலி, ஒரு பிளாஸ்க் நிறையத் தேயிலைத் தண்ணீர், நடுவில் நான். மதியத் தொழுகை முடிந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு வரை. வருகிறவர் எனக்கு சலாம் சொல்லி இரண்டு கையையும் பிடிப்பார், நான் வெள்ளை அணு எத்தனை என்று சொல்லுவேன், அவர் துஆ கேட்டுவிட்டுப் போவார். விசாரித்த மாதிரியும் ஆயிற்று, மாடி அறையில் உம்மா பக்கம் ஒரு ஈ காக்கை போகாத மாதிரியும் ஆயிற்று.

நேற்று மட்டும் இருபத்தேழு பேர். கொண்டுவருகிற பழத்தை வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள் என்று வாங்கி வைத்து, அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு ஆப்பிள் பை மூன்று வீடு சுற்றி இன்றைக்கு நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. காஜா முகைதீன், என் கடைக்குப் பக்கத்துக் கடை போட்டிருந்தாரே, அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். "பீரு, மச்சியைப் பாக்காமப் போறது நியாயமா வே? அறை வாசல்ல நின்னு ஒரு சலாம் சொல்லிட்டுப் போயிருதேன்" என்று நின்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் கறுத்துப்போயிற்று மனிதருக்கு. அப்புறம் மனம் இளகி என் இரண்டு கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் துஆ கேட்டார். நடுநடுவே இருமல் வேறு. நாற்பது வருடப் பழக்கத்தையே வாசலோடு நிறுத்தியிருக்கிறேன், இப்போது சொல், யாருக்குக் கண்டிப்பு போதாது?

உன் மகன் அம்மாரையும் விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிகிறார்கள் என்று அவனை வள்ளியூருக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது வாப்பும்மாவை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகிறேன் என்று அழுதான். தொடவிடவில்லை.

உம்மாவுக்கு வாயெல்லாம் புண். ஸ்பூனை வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம், அதுவும் மருந்தின் வேலைதானாம். அதனால் கஞ்சியில் பருப்பைக் குழைத்து நான் கையால் ஊட்டுகிறேன். ருக்சானா ஊட்டினால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. நான் ஊட்டினால் ஒன்பது, பத்து. அவள் சோப்பு போடுங்கள் மாமா, மாஸ்க் போடுங்கள் மாமா என்று பின்னாலேயே வருகிறாள். ஐந்து வேளையும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிறவனுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறாள் இந்தப் பெண். மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படி ஊட்டுவது? நான் வாயைத் திறந்து காட்டினால்தான் உன் உம்மா வாயைத் திறக்கிறாள், சின்னப்பிள்ளை மாதிரி.

ஐப்பசி மழை விடவில்லை. எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகர என்கிறது, மிளகு தட்டிப்போட்டுக் குடித்தேன். அவள் கேட்டால் பயப்படுவாள் என்று இருமல் வந்தால் கொல்லைக்குப் போய் இருமிவிட்டு வருகிறேன். நீ ஒன்றும் யோசிக்காதே. வாசலில் நான் இருக்கிறேன்.

வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. உன் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பரக்கத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
பீர் முகம்மது


வண்ணார்பேட்டை
10 நவம்பர், திங்கள், மதியம் இரண்டு மணி

மகன் சிராஜுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடியிருக்கும், பொறுத்துக்கொள். நாலு மணிக்கு டாக்டரம்மா வார்டுக்கு வருவார். அதற்குள் இதை உனக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் இந்த அவசரம்.

நடந்தது உனக்குப் பாதி தெரியும். சனிக்கிழமை மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாயில் போதும் என்றாள். குளிருகிறது, போர்வையைத் தாருங்கள் என்றாள். ருக்சானா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள், நூற்றொன்றரை. ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே என்று என் வாயில் வந்தது. அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டாள். கொக்கிரகுளம் தாண்டும்போது ஆற்றில் இரண்டு கரையும் முட்டத் தண்ணீர் போனது. உன் உம்மா அதைப் பார்த்து, இந்த வருசம் தண்ணிக்குப் பஞ்சமில்லை என்றாள். பல் கிட்டித்துக்கொண்டு நடுங்குகிறவள் பேசுகிற பேச்சா இது?

வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மல்லுக்கு நிற்கிற அந்த அணு முந்நூறுக்கு இறங்கிவிட்டது. நெஞ்சுப் படத்தில் இடது பக்கம் பஞ்சு படிந்த மாதிரி இருக்கிறதாம். மூக்கில் காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். எலும்பில் அணு ஊறுவதற்கு ஒரு ஊசி போடுகிறார்கள், அது போட்டால் இடுப்பெல்லாம் இடி இடிக்கிற மாதிரி வலிக்கிறது என்கிறாள். காய்ச்சல் இன்று காலையும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. இது மூன்றாம் நாள். தனி அறை. உள்ளே போக ருக்சானாவுக்கு மட்டும்தான் அனுமதி. நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டரம்மா எங்களை நிறுத்தி, "வீட்ல யாருக்காவது சளி, இருமல் இருந்துச்சா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று நான் சொன்னேன். சட்டென்று வந்துவிட்டது. ருக்சானா என்னைப் பார்த்தாள். நான் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டேன். அங்கே வரிசையில் நிற்கும்போதே இருமல் வந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். தொண்டைக் கரகரப்பெல்லாம் ஒரு நோயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று நீ போன் செய்து, யாரை உள்ளே விட்டாய், கடைவீதிக்கு எதற்குப் போனாய் என்று ருக்சானாவைப் பிடித்துக் கத்தினாய். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். நீ பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அவள் அழுதாளே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மகனே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் வெட்கப்பட வேண்டியதுதான்.

இன்று காலையில் காஜா முகைதீன் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் அஞ்சு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாராம். படுத்தபடியே போனை வாங்கி, "ஒமக்கும் தொத்திருச்சா வே? அன்னிக்கு ஒம்ம கையைப் புடிச்சிக்கிட்டு இருமுனதை நெனச்சா எனக்கு வெசனமா இருக்கு. மச்சியைப் பாக்கவிடாம நீரு தடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தடுத்தேன். அம்மாரைத் தடுத்தேன். நூறு பேரைத் தடுத்தேன். அந்த நூறு பேரும் பிடித்துவிட்டுப் போன கையோடு நான் மாடி ஏறினேன். அந்தக் கையால் கஞ்சியைப் பிசைந்தேன். மதியத்து ஒளுவோடு உட்கார்ந்தவன், நடுவில் இருபது பேர் கையைப் பிடித்துவிட்டு, மாலையில் ஒரு செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு ஊட்டினேன். அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டினேன். ஊரையே வாசலில் நிறுத்திவிட்டு ஊர் நோயை நானே தூக்கிக்கொண்டு போய் அவள் வாயில் வைத்திருக்கிறேன்.

இதை நான் சொல்லாததால் அவளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து ஏதாவது இரண்டு நாள் தவறிப்போயிருந்தால்? அதுதான் என்னைக் குடைகிறது. காலையிலிருந்து இந்தத் தெருவை எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று தெரியாது. டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, ஒரு எடத்துல இரிங்க, பாக்க எங்களுக்கே தலை சுத்துது" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதன் பிறகுதான் அவரிடமே ஒரு தாள் வாங்கி இதை எழுதுகிறேன்.

நாலு மணிக்கு டாக்டரம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவர் என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்கிறேன். நீயும் ஏசு. ஆனால் அதற்கு முன்னால் ருக்சானாவுக்கு ஒரு போன் போட்டு அவளிடம் மன்னிப்புக் கேள். என் பெயரைச் சொல்லியே கேள்.

துஆ செய் மகனே. எனக்காக வேண்டாம்.

வாப்பா


மேலப்பாளையம்
17 நவம்பர், திங்கள்

அன்பு மகன் சிராஜுதீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் சீட்டைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. அந்த அணு முந்நூறிலிருந்து இருநூற்று எண்பதாக இறங்கி, அப்புறம் எழுநூறு ஆகி, இன்று காலை இரண்டாயிரத்து நூறு. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். நீ வீடியோவில் பார்த்திருப்பாய், உம்மா நர்ஸ் முத்துராணியிடம், "புளிக்கொழம்பு வாசம் கொல்லுது, எந்த ரூம்லம்மா?" என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நீ என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வாப்பா மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாய், அதோடு சரி. ருக்சானாவும் ஏசவில்லை. நான் உனக்கு எழுதிய மறுநாள் காலை எனக்கு மாஸ்க்கும் சோப்பும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாங்கிக்கொண்டேன்.

அன்று நாலு மணிக்கு நடந்ததைப் போனில் உன்னிடம் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு அழித்துவிடு.

டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்று, எனக்கு ஐந்தாறு நாளாகச் சளி இருந்தது, உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க அண்ணாச்சி. இதை நான் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்கு ஒரு உத்தரவு. நீங்களா வந்து சொன்னதால சொல்லுதேன். சனிக்கிழமையே எனக்குத் தெரியும்" என்றார்.

நான் மருந்துக்கடை வரிசையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தில் உன் உம்மா சொல்லியிருக்கிறாள். குளிரில் நடுங்கிக் கிடந்தவள் டாக்டரம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாளாச் சளி. இருமல் வந்தாக் கொல்லைக்குப் போவாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு. நேத்து மட்டும் பதினோரு தடவை போனாரு. அதுக்கு என்ன மருந்து உண்டோ அதையும் சேர்த்துக் குடுங்க. அவரு காதுக்குப் போகவேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். அன்று இரவே மூக்கில் பஞ்சு விட்டுச் சோதித்து, அதற்கான மருந்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

தெரிந்தும் ஏனம்மா அவர் கையால் சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டாராம். அதற்கு உன் உம்மா சொன்னது இது. "கஞ்சியை வேண்டாம்னு சொல்லிரலாம். அதுக்கப்புறம் அந்த மனுசன் மூஞ்சியை யாரு பாக்குறது? வாசல்ல இருந்து எந்திரிச்சு, ஒம்பது வாய் பத்து வாய்னு எண்ணிக்கிட்டு வாராரு."

நான் எண்ணியது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா நல்ல மனசுக்காரர். இந்த மாதிரி நேரத்தில் உடம்புக்குள்ளேயே இருக்கிற கிருமியும் கிளம்பிவிடும், உங்களால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கொக்கிரகுளம் படித்துறை வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

என் சளி முழுக்க விட்ட பிறகு, நேற்றுத்தான் என்னை உள்ளே விட்டார்கள். முத்துராணி நின்று பார்க்க, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மாஸ்க்கோடு ஆறடி தள்ளி நாற்காலி. தலையில் முடி இல்லை, துப்பட்டியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தாள். மஹ்மூதா என்று கூப்பிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றேன். "அதானே, ஒங்களுக்கு என்ன" என்றாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

இனி நடக்கவேண்டியதைப் பற்றிப் பேசவேண்டும். நாலாவது மருந்து அடுத்த திங்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அளவையும் கொஞ்சம் குறைப்பார்களாம். மருந்து ஏற்றிய மறுநாளே அணு ஏறுகிற ஊசியும் போடுவார்கள். அப்படியும் பத்தாம் நாள் வாக்கில் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். அதற்கப்புறமும் மருந்து பாக்கி இருக்கிறது. மேலப்பாளையத்தில் வருகிறவர்களை என்னால் தடுக்க முடியும். வந்தவர் நீட்டுகிற கையைத் தடுக்க எனக்கு வராது. நேற்றுக்கூட ஆஸ்பத்திரி வாசலில் காஜா முகைதீன், உடம்பு தேறி, பார்க்க வந்து நின்றார். நான் கையை நெஞ்சில் வைத்து சலாம் சொன்னேன். அவரும் பாவம், நீட்டிய கையை அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோனார். ஒருவரிடம் செய்துவிட்டேன். நூறு பேரிடம் செய்வேனா என்று என்னை நான் நம்பவில்லை.

அதனால் நீ சொன்னதுதான் சரி. மருந்து ஏற்றி, மறுநாள் ஊசியும் போட்டதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவளை வள்ளியூருக்குக் கூட்டிப்போகட்டும். ருக்சானா கூட இருப்பாள். அம்மார் கீழ்வீட்டில் இருந்துகொள்ளட்டும், நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான். காய்ச்சல் என்றால் ஓடிப்போக அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியைப் பார்த்து டாக்டரம்மா சீட்டு எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். நான் இந்த வீட்டில் இருக்கிறேன். வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

ஆனால் இது என் யோசனை என்று உம்மாவிடம் சொல்லிவிடாதே. நீ சொன்னதாகவே இருக்கட்டும். நாளை சாயங்காலம் வீடியோவில் வந்து, வாப்பாவுக்குக் கண்டிப்பு போதாது என்று அதே பேச்சை எடு. நான் கோபப்படுவேன். என் பெண்டாட்டியைப் பார்க்க எனக்குத் தெரியாதா லே என்று கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன். நீ விட்டுக்கொடுக்காதே. நான் தோற்றுப்போன மாதிரி எழுந்து போய்விடுகிறேன். நானாக அனுப்பினேன் என்று தெரிந்தால், ஏன் அனுப்பினேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் டாக்டரம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரியும் என்பதும் அப்படியே மூடிக் கிடக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாரம் இரண்டு தடவை ரத்தம் பார்ப்பார்கள். எண்ணிக்கை எப்போது மேலே ஏறுகிறதோ, அன்றைக்கு ருக்சானாவை எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல். ஏறாத நாளில் ஒன்றும் சொல்லவேண்டாம், நானும் கேட்க மாட்டேன். ஏறிய அன்று புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வள்ளியூர். மாஸ்க்கோடு ஆறடி தள்ளி உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். யாருக்கும் தொந்தரவு இருக்காது.

ஸ்பூனில் இரும்பு வாடை அடிக்கிறது என்பாள். அதனால் சந்திப்பிள்ளையார் முக்கு வரை அலைந்து மரத்தில் ஒரு ஸ்பூன் வாங்கினேன். வெந்நீரில் போட்டு எடுத்து அவள் துணிப் பையில் மேலாகவே வைத்திருக்கிறேன். நான் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வெந்நீரில் போட்டேன், வாடை இல்லை. ருக்சானாவை அதில் ஊட்டச் சொல். ஐந்து வாய்க்கு மேல் போனால் போதும், பத்து வேண்டாம். யார் வாங்கியது என்று உம்மா கேட்டால், நீதான் வாங்கி வைக்கச் சொன்னாய் என்று சொல்லிவிடு.

அவள் எலும்புக்குள் ஊறவேண்டியதை அல்லாஹ் ஊறவைக்கட்டும். அவளை அவன் என் வீட்டுக்கே திரும்ப அனுப்பித் தரட்டும். ஆமீன் சொல், மகனே.

உன் வாப்பா
பீர் முகம்மது